தலைகீழாக இரண்டு சுற்று



கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். அவசரக்காரர்கள் படத்துக்கு லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

படத்தில் என் கையில் இருப்பது என்ன என்று நேற்றே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். என் தங்கை மகன் "பட்டம் விடுற உருளையா மாமா?" என்றான். இல்லை. 1994-க்கு முன் பின் என்னிடம் என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தவர்களுக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கண்ட்ரோல் லைன் விமானத்தின் கைப்பிடி. மேல் முனையில் ஒரு கம்பி, கீழ் முனையில் ஒரு கம்பி. மர வேலை நானே செய்தது. ஓரத்தில் கறுத்திருப்பது கை வியர்வையும் விளக்கெண்ணெயும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது ரிமோட் விமானம் இல்லை. பறக்க விடுபவர் வட்டத்தின் நடுவில் நிற்பார். அவர் கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் விமானத்தின் இடது இறக்கைக்குள் போகும். உள்ளே ஒரு சின்ன முக்கோணத் தகடு, பெல் கிராங்க் என்போம். அதிலிருந்து ஒரு தள்ளுகம்பி வாலில் உள்ள எலிவேட்டருக்குப் போகும். கைப்பிடியின் தலையைப் பின்னால் சாய்த்தால் எலிவேட்டர் ஏறும், முன்னால் சாய்த்தால் இறங்கும். அவ்வளவுதான். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஊற்றிய எண்ணெய் தீரும்வரை விமானம் உங்களைச் சுற்றிக்கொண்டே இருக்கும், நீங்களும் அதோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிஸிக்ஸ் வாத்தியார் என்பதால் ஒரு கணக்கு போடாமல் விட முடியாது. நாம் பறக்கவிட்டது சுமார் 800 கிராம் விமானம், 15 மீட்டர் கம்பி. ஒரு சுற்றுக்கு நாலரை வினாடி. வேகம் வினாடிக்கு 21 மீட்டர், அதாவது மணிக்கு 75 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் புவியீர்ப்பைப்போல மூன்று மடங்கு. ஆக 800 கிராம் விமானம் கையை இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான விசையில் இழுக்கும். மையநோக்கு விசையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் தூங்கும் பையன், இந்தக் கைப்பிடியைப் பிடித்த அன்று தூங்க மாட்டான். அதற்காகவே நான் ஏர் விங் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

இந்தக் கலை நம் ஊரில் பிறந்ததில்லை. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ஜிம் வாக்கர் என்பவர் 1940 வாக்கில் இதை ஊரறியச் செய்தார், 'யு-கண்ட்ரோல்' என்று பெயர் வைத்துக் காப்புரிமையும் வாங்கினார். 1950-களில் டெக்சாஸ்காரர் ஜார்ஜ் ஆல்ட்ரிச் 'நோப்ளர்' என்ற விமானத்தை வரைந்தார். இறக்கையிலும் ஃப்ளாப் வைத்து, எலிவேட்டர் ஒரு பக்கம் போனால் ஃப்ளாப் எதிர்ப்பக்கம் போகும்படி செய்ததால், ஆகாயத்தில் கூர்மையாகத் திரும்பும். இன்றைக்கும் உலகம் முழுக்க அதைக் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். நம் பக்கம் வந்தது என்.சி.சி. வழியாக. கல்கத்தா அரோரா எஞ்சின், ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள். அந்த வாசனை சட்டையில் ஏறினால் மூன்று சலவைக்குப் போகாது. என் மனைவி இப்போதும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் ஏப்ரலில் மகள் வீட்டுக்கு டெக்சாஸ் போயிருந்தோம். ஆறு மாதம். போன பெற்றோர்களுக்குத் தெரியும், முதல் பத்து நாள் ஊர் பார்ப்போம், பிறகு ஜன்னல் பார்ப்போம். காலை நடைதான் ஒரே விடுதலை. ஒரு சனிக்கிழமை பூங்காவின் பின்பக்கம் போனபோது மூக்கில் அந்த வாசனை. சூடான விளக்கெண்ணெய்ப் புகை. கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. புல்வெளியில் வெட்டிய வட்டம், நடுவில் தொப்பி போட்ட ஒரு பெரியவர், தலைக்கு மேல் சிவப்பு நோப்ளர். ஃபாக்ஸ் 35 எஞ்சின். நேராகப் பறக்கும்போது சோம்பேறித்தனமாக 'பொட பொட' என்று ஓடும், மூக்கைத் தூக்கினால் சுருதி ஏறும், திரும்ப மட்டத்துக்கு வந்தால் இறங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டே விமானத்தின் நிலையைச் சொல்லலாம். வேலிக்கு வெளியே பத்து நிமிடம் நின்றேன். இறங்கியதும் அவர் என்னைப் பார்த்து, பறக்கவிட்டிருக்கிறாயா என்று கேட்டார். முப்பது வருடத்துக்கு முன்பு என்றேன். வா என்றார்.

அவருக்கு வயது 78. தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். போட்டிகளுக்கு இன்னும் போகிறார். அவரோடு அந்த ஐந்து மாதம் பழகியதில், நான் என் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில் பாதி தவறு என்று தெரிந்தது. மெக்கானிக்ஸ் தவறில்லை. மனசைப் பற்றிச் சொன்னதுதான் தவறு.

முழுப் போட்டியில் 15 உருவங்கள். எழும்புதல், ரிவர்ஸ் விங்ஓவர், உள்வட்ட லூப் மூன்று, தலைகீழாக இரண்டு சுற்று, வெளிவட்ட லூப் மூன்று, பிறகு சதுரங்கள், முக்கோணம், படுத்த எட்டு, சதுர எட்டு, நின்ற எட்டு, மணற்கடிகாரம், தலைக்கு மேல் எட்டு, நாலிதழ்ப் பூ, கடைசியில் இறக்கம். வரிசை மாறக்கூடாது. உருவத்தின் அடி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர், அதாவது என் தோளுயரம். சதுரத்தின் மூலை ஐந்தடி ஆரத்தில் திரும்ப வேண்டும் என்று அமெரிக்க விதிப்புத்தகம் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த வேகத்தில் அது புவியீர்ப்பைப்போல முப்பது மடங்குக்குக் கிட்ட வரும். சிரித்துவிட்டு, "அதை எழுதியவர் பறக்கவிட்டிருக்க மாட்டார்" என்றார் பெரியவர்.

ஓர் உருவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றரைச் சுற்றாவது சும்மா பறக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு சுற்று போவார்கள், பத்து வினாடி. பார்ப்பவர்களுக்கு அது ஒன்றுமில்லாத நேரம். ஆட்டம் அங்கேதான் நடக்கிறது என்றார் அவர். முதல் அரைச் சுற்றில் முடிந்துபோன உருவத்தை விட்டுவிட வேண்டும். நன்றாக வந்திருந்தாலும் விட வேண்டும், கெட்டிருந்தாலும் விட வேண்டும். நன்றாக வந்ததை விடுவதுதான் கஷ்டமாம். அடுத்த முக்கால் சுற்று மூச்சு. தோளை இறக்குவது, கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தால் தளர்த்துவது. கடைசியில் காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தில் பார்த்துவிட்டு, அடுத்த உருவத்தின் பெயரை மட்டும் மனதுக்குள் ஒருமுறை சொல்வது. உருவத்துக்குள் நுழைந்த பிறகு மனதில் வார்த்தையே இருக்கக்கூடாது. வார்த்தை வந்தால் கை தாமதமாகும்.

எனக்கு நம் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் ஞாபகம் வந்தது. ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்தவர். இவர் செய்வது அதற்கு நேர் எதிர்த் திசை. நூறு இருக்கும், ஒன்றில்தான் கவனம். அதுவும் தேவைப்பட்ட வினாடியில் மட்டும்.

சுற்றினால் தலை சுற்றாதா என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் சில நாள் சுற்றும். காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம், நாம் ஒரே சீராகச் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் நம்மோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும், அப்போது மயக்கம் குறையும். நின்றதும் எதிர்ப்பக்கம் ஆட்டும். இன்னொரு காரணம் கண். பின்னால் ஓடும் மரத்தைப் பார்த்தால் போச்சு. விமானத்தை மட்டும் பார்த்தால், உலகத்தில் அசையாமல் நிற்பது அது ஒன்றுதான். இதை நானும் அப்போது சரியாகவே சொல்லிக் கொடுத்தேன், அந்த மட்டில் மனசாட்சி சுத்தம்.

பெரியவரின் பயிற்சி முறை என்னைக் கவர்ந்தது. வீட்டு கராஜில் ஒரு குச்சி முனையில் உள்ளங்கை அளவு விமானம் ஒட்டி வைத்திருக்கிறார். இரவு சாப்பிட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு முழு வரிசையையும் நடந்தே முடிப்பார். கால் எங்கே திரும்புகிறது, தலைக்கு மேல் எட்டு போடும்போது எவ்வளவு பின்னால் சாய வேண்டும், எல்லாம். எண்ணெய்ச் செலவு இல்லை. மைதானத்தில் ஒரு நாளைக்கு ஆறு முறை பறக்கவிடுவார். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயம். "இந்த முறை உருவத்தின் அடி மட்டும்" என்று முடிவு செய்தால், மூலை கோணலாகப் போனாலும் கவலைப்பட மாட்டார். கெட்டுப்போன உருவத்தை அதே பறத்தலில் திரும்பப் போட மாட்டார். போட்டியில் திரும்பப் போட விடமாட்டார்கள், பிறகு எதற்கு அந்தப் பழக்கம் என்பார். கோபம் வந்தால் கம்பியைச் சுருட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒருநாள் காலை ஏழரைக்கே சுருட்டிவிட்டார். காரணம் மகனோடு போனில் சண்டை.

இன்னொன்று. நடுவில் நிற்பவருக்குத் தான் போடும் உருவத்தின் உண்மையான வடிவம் தெரியாது. வெளியே நடுவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால்தான் வட்டம் முட்டையா, சதுரம் சாய்ந்ததா என்று தெரியும். அதனால் அங்கே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நண்பர். அவர் இறங்கிய பிறகுதான் பேசுவார், அதுவும் குறிப்பெடுத்த தாளைப் பார்த்து. பறக்கும்போது வாயைத் திறக்க மாட்டார்.

ஜூலை மாதம் எனக்குத் தன் பழைய பயிற்சி விமானத்தைக் கொடுத்தார். லூப் வந்துவிட்டது. முப்பது வருடம் கழித்தும் மணிக்கட்டு மறக்கவில்லை. தலைகீழாகப் பறப்பதற்கு மட்டும் பயம். இரண்டு வாரம் குச்சி விமானத்தோடு மகள் வீட்டு ஹாலில் நடந்தேன். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல பிள்ளை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்க வந்திருந்தார்கள். பேத்திக்கு ஏழு வயது. லூப்பின் பாதியில் நிறுத்தி விமானத்தைத் தலைகீழாக்கினேன். ஒரு சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில் காற்று எதிர்த்த பக்கம் கொஞ்சம் இறங்கியது. தெரிந்தது, சரிசெய்யப் போகிறேன். அப்போது பேத்தி பதறிப்போய்க் கத்தினாள்.

"தாத்தா, அப்! அப்!"

என் கை அப் கொடுத்தது.

தலைகீழாக இருக்கும் விமானத்துக்கு அப் கொடுத்தால் அது தரைக்குத்தான் போகும். எலிவேட்டர் ஏறினால் மூக்கு விமானத்தின் முதுகுப் பக்கம் திரும்பும், முதுகோ அப்போது பூமியைப் பார்த்திருக்கிறது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து அரை வினாடிகூட ஆகவில்லை. புல்லில் ஒரு சத்தம். மூக்கு உடைந்தது, இறக்கை நடுவில் விரிந்தது.

குழந்தை அழுதுவிட்டாள். பெரியவர் வந்து துண்டுகளைப் பொறுக்கினார், பசை இருக்கிறது என்றார். பிறகு குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து, "உன் மேல் தப்பில்லை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், நான்தான் மறந்துவிட்டேன். இங்கே யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. தலைகீழாக இருப்பவனுக்கு அதற்கு இரண்டு அர்த்தம். கை எதைக் கேட்கும் என்று யாருக்கும் தெரியாது" என்றார்.

நான் அந்தப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்து மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். வெயில் இல்லை.

1994 முகாம் ஞாபகம் இருக்கிறவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அந்த வருடம் எங்கள் விமானத்தைப் பறக்கவிட ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் எழுதவில்லை. மூன்று மாதம் பள்ளி முடிந்து ஆறரை மணி வரை இருந்து, பால்சா அறுத்து, டிஷ்யூ ஒட்டி, டோப் அடித்து அந்த விமானத்தைக் கட்டியவர்களில் அவனும் ஒருவன். எங்கள் போட்டியில் பதினைந்து உருவமெல்லாம் கிடையாது. எழும்ப வேண்டும், மட்டமாகப் பறக்க வேண்டும், மூன்று லூப், தலைகீழாக இரண்டு சுற்று, இறக்கம். அவன் லூப் மூன்றையும் நான் அன்று வரை பார்க்காத அளவு அழகாகப் போட்டான். தலைகீழாக்கினான். இரண்டாவது சுற்றில் விமானம் கொஞ்சம் தாழ்ந்தது.

வட்டத்துக்கு வெளியே நின்ற நான் தொண்டை கிழியக் கத்தினேன். "அப்! அப்! அப் குடுறா!"

அடுத்த நொடி விமானம் தரையில்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மற்றப் பள்ளிப் பிள்ளைகள், அதிகாரிகள் எல்லோரும் நிற்க, அவனை நிற்கவைத்துக் கேட்டேன். "கவனம் எங்கடா இருந்துச்சு?" அவன் பதில் சொல்லவில்லை. திமிர் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவன் கையில் இந்தக் கைப்பிடியைக் கொடுக்கவே இல்லை. இரண்டு வாரத்தில் அவன் பரேடுக்கு வருவதை நிறுத்திவிட்டான். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பத்தாவது ரிசல்ட் வந்த பிறகு அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். நல்ல மார்க். "சார், சயின்ஸ் குரூப் போடலாமா? நீங்க சொன்னா சரி" என்றார். நான் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "புத்திசாலிதான். ஆனா கவனம் நிக்காது. ரிஸ்க் எடுக்காதீங்க, அக்கவுண்டன்ஸி போடுங்க." அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அக்கவுண்டன்ஸி ஒன்றும் மட்டமான படிப்பில்லை, அதைப் படித்தவர்கள் சண்டைக்கு வராதீர்கள். நான் சொன்ன காரணம்தான் பொய். அது பொய் என்று எனக்கே தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முப்பது வருடம் பதினொன்றாம் வகுப்புக்குக் குறிப்பாயம் நடத்தியிருக்கிறேன். ஓடுகிற ரயிலில் இருப்பவனுக்கு ஒன்று, நடைமேடையில் நிற்பவனுக்கு ஒன்று. மேலே என்பது யாருக்கு மேலே என்று கேட்காமல் பதில் எழுதினால் மார்க் கிடையாது என்பேன். தரையில் நின்ற எனக்கு அப் என்றால் வானம். அந்தப் பையன் கைக்கு அப் என்றால் விமானத்தின் முதுகு. அவனுடைய கவனம் சிதறவில்லை. மூன்று மாதமாக எந்தக் குரலுக்குக் கட்டுப்படச் சொல்லிக் கொடுத்தேனோ, அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டான்.

இப்போது நினைத்துப் பார்த்தால் வகுப்பிலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். ஒரு பையன் கரும்பலகை முன்னால் நின்று கணக்கு போட்டுக்கொண்டிருப்பான், பாதியில் பின்னாலிருந்து "கவனிடா, கவனி!" என்று மேஜையைத் தட்டுவேன். அவன் அதுவரை கணக்கைத்தான் கவனித்துக்கொண்டிருந்தான். தட்டிய பிறகு என்னைக் கவனிப்பான். பிறகு தப்பாகப் போடுவான். பார்த்தாயா, சொன்னேனே என்பேன். உங்களில் பலர் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். சிலர் சிரிக்க மாட்டீர்கள் என்றும் தெரியும்.

அக்டோபரில் ஊர் திரும்பினோம். பரணிலிருந்து இந்தக் கைப்பிடியை இறக்கினேன். கம்பி துருப்பிடித்துவிட்டது, மரம் அப்படியே இருக்கிறது. சாயங்காலம் மொட்டை மாடியில் இதைப் பிடித்துக்கொண்டு பதினைந்து உருவத்தையும் நடப்பேன். முதல் நாள் எதிர்வீட்டு அம்மா என் மனைவியிடம் விசாரித்தார்களாம், சாருக்கு ஏதாவது உடம்புக்கு முடியலையா என்று. இவளும் மேலே வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, சாமி வந்துருச்சா? இறங்குற வரைக்கும் இருக்கேன், கற்பூரம் காட்டணுமா?" என்றாள். உருவத்தின் நடுவில் பேசக்கூடாது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. இந்த வயதில் எனக்கு நாலிதழ்ப் பூவின் மூன்றாவது இதழில் எப்போதும் எண்ணம் ஓடிவிடுகிறது. பென்ஷன், மாத்திரை, தண்ணீர் மோட்டார். ஓடினது தெரிந்ததும் திட்டிக்கொள்ளாமல் நாலாவது இதழுக்குப் போக வேண்டும். இன்றுவரை பத்துக்கு ஆறு தடவை முடிகிறது.

அந்தப் பையனைத் தேட நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொன்னால் பயம். கடைசியில் உங்களில் ஒருவர்தான் நம்பர் வாங்கிக் கொடுத்தீர்கள், நன்றி. திருப்பூரில் இருக்கிறான். பனியன் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கும் ஆபீஸ், ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் ஒரு ஞாயிறு காலையில் போன் செய்தேன். பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டான் போல, நாற்காலி சத்தம் கேட்டது.

"சார், சொல்லுங்க சார், நல்லா இருக்கீங்களா?"

நான் நேராக விஷயத்தைச் சொன்னேன். டெக்சாஸ், பேத்தி, அப். பிறகு, "அன்னைக்கு விமானம் விழுந்தது என்னாலப்பா. உன் கவனம் சரியாத்தான் இருந்துச்சு. எல்லார் முன்னாடியும் உன்னைக் கேட்டேன். அதனால எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதணும்னு நினைக்கிறேன். நீ சரின்னா எழுதறேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றான். "நீங்க அப்புன்னீங்க, கை தானாப் போயிருச்சு. விழறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட சொன்னேன். வாத்தியார் மேல பழி போடுறியான்னு ரெண்டு போட்டாரு. அதோட விட்டுட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவனே தொடர்ந்தான். அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறதாம். இருந்திருந்தால் இந்தப் போனை அவரிடம் கொடுத்திருப்பேன் என்றான். குரூப் விஷயத்தை நான்தான் எடுத்தேன். "அக்கவுண்டன்ஸி நல்லாத்தான் சோறு போடுது சார், அதுல ஒண்ணும் குறையில்ல" என்றான். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஆனா பிஸிக்ஸ் எனக்குப் பிடிக்கும் சார்" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். ஐயோ சார் என்றான். அவன் ஐயோ என்றதால் கேட்டது கேட்கப்படாமல் போய்விடக்கூடாது என்றுதான் இங்கேயும் எழுதுகிறேன். தம்பி, இதைப் படித்துக்கொண்டிருப்பாய். தவறு என்னுடையது. முகாமில் அன்று நின்றவர்களும் படிக்கட்டும்.

அவன் மகன் இப்போது ஒன்பதாவது. "அவனுக்குக் காட்டலாமா சார், அந்தக் கண்ட்ரோல் லைன்?" என்று கேட்டான். இரண்டு வாரமாக பால்சா வாங்கி வெட்டிக்கொண்டிருக்கிறோம். அப்பனும் மகனும் சனிக்கிழமைகளில் வருகிறார்கள். இந்த முறை எஞ்சின் இல்லை, பேட்டரி மோட்டார், டைமர் வைத்தது. இப்போது உலகப் போட்டியில்கூட நிறையப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள். விளக்கெண்ணெய் வாசனை இல்லாதது எனக்குக் குறைதான், என் மனைவிக்கு நிம்மதி.

போன சனிக்கிழமை இறக்கையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டான். "சார், பறக்கும்போது நீங்க எங்க நிப்பீங்க?"

"ஜட்ஜ் நிக்கிற இடத்துல. வாய்ல துண்ட வச்சுக்கிட்டு" என்றேன்.

நன்றாகச் சிரித்தான். முப்பது வருடத்துக்கு முன்பு அந்தச் சிரிப்பைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், ஊருக்கு வெளியே உள்ள கல்லூரி மைதானத்தில் பறக்கவிடுகிறோம். அனுமதி வாங்கிவிட்டேன். ஈ.பி. கம்பி இல்லாத மூலை, நானே நடந்து அளந்து பார்த்தேன். நம் கம்பி எஃகு, மின்கம்பியில் பட்டால் பிடித்திருப்பவர் பிழைக்க மாட்டார், அதனால் வட்டத்தின் இடத்தை யாரும் மாற்றச் சொல்லாதீர்கள். பறப்பதற்கு முன் விமானத்தின் எடையைப்போலப் பத்து மடங்கு இழுத்துச் சோதிப்போம், அதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பழைய ஏர் விங் பிள்ளைகள் யாரிடமாவது 15 மீட்டர் கம்பி துருப்பிடிக்காமல் இருந்தால் கொண்டுவாருங்கள். வருபவர்கள் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். விமானம் மேலே இருக்கும்போது போனில் பேசலாம், வீடியோ எடுக்கலாம், பறக்கவிடுபவரிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. என்னையும் சேர்த்துத்தான்.

டிபன் எங்கள் வீட்டில். எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், இட்லி மாவு ஆட்ட வேண்டும்.